டி4 தனிச் சிப்பாய்: எப்போது பாய்வது, எப்போது பொறுப்பது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில் சதுரங்கம் பழகும் மாணவர்கள் தொடக்க நகர்த்தல்களை விரைவில் மனப்பாடம் செய்துவிட்டு, நடு ஆட்டத்தில் தடுமாறுவதைப் பார்க்கிறேன். அவர்களுக்காக ஒரே ஒரு நிலையை இங்கே விளக்குகிறேன்.

முதற்படி: காய்களை அடுக்குங்கள். வெள்ளையின் அரசன் ஜி1, ராணி டி1, யானைகள் ஏ1, இ1, குதிரைகள் சி3, எஃப்3, மந்திரிகள் டி3, ஜி5, சிப்பாய்கள் ஏ2, பி2, டி4, எஃப்2, ஜி2, எச்2. கறுப்பின் அரசன் ஜி8, ராணி டி8, யானைகள் ஏ8, எஃப்8, குதிரைகள் சி6, எஃப்6, மந்திரிகள் சி8, இ7, சிப்பாய்கள் ஏ7, பி7, இ6, எஃப்7, ஜி7, எச்7.

இரண்டாம் படி: நிலைப்பதையும் கரைவதையும் பிரித்துப் பாருங்கள். டி4 சிப்பாய்க்குப் பக்கத்து வரிசைகளில் வேறு சிப்பாயின் துணை கிடையாது; அதனால்தான் அது தனிச் சிப்பாய். அதன் முன்னுள்ள டி5இல் கறுப்புக் குதிரை அமர்ந்தால் அதை விரட்ட வெள்ளையிடம் சிப்பாயும் இல்லை. இக்குறை எளிதில் நீங்காது. வெள்ளையின் காய்கள் முன்னேறியிருப்பதும், கறுப்பின் சி8 மந்திரி இன்னும் வெளியே வராததும் சில நகர்த்தல்களில் கரைந்துவிடும். பால்மரத்தை, அதாவது ரப்பர் மரத்தை, விடியலிலேயே வெட்டுகிறோம். வெயில் ஏறினால் பால் குறைந்துவிடும் அல்லவா, இந்தச் சாதகமும் அப்படித்தான்.

மூன்றாம் படி: கறுப்பு ஆசைப்பட்டுக் குதிரையால் டி4ஐ வெட்டட்டும். வெள்ளைக் குதிரை அதை வெட்ட, கறுப்பு ராணி அக்குதிரையை வெட்டினால், வெள்ளை மந்திரி எச்7ஐ வெட்டி அரசனுக்கு 'செக்' வைக்கிறது. மந்திரி விலகி டி வரிசை திறந்துவிட்டதால், அடுத்த நகர்த்தலில் வெள்ளை ராணி கறுப்பு ராணியை வெட்டிவிடும்.

நான்காம் படி, என் கருத்தில் மிக முக்கியமானது: காய் மாற்றங்களைத் தீர்மானியுங்கள். வெள்ளை மாற்றங்களைத் தவிர்க்க வேண்டும்; கறுப்பு அவற்றைத் தேட வேண்டும். 1936இல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் நடந்த போட்டியில் வெள்ளைக் காய்களுடன் ஆடிய போட்வின்னிக், விட்மாருக்கு எதிராக எஃப் சிப்பாயை முன்தள்ளி எஃப்7இல் குதிரையைப் பலியிட்டு வென்றது இதே வகை அமைப்பில்தான். 1981இல் இத்தாலியின் மெரானோவில் நடந்த உலகப் பட்டப் போட்டியின் ஒன்பதாம் ஆட்டத்திலோ, கறுப்புக் காய்களுடன் ஆடிய கார்ப்போவ் சிறு காய்களை மாற்றிக்கொண்டு, ராணியையும் யானைகளையும் டி வரிசையில் குவித்துக் கோர்ச்னோயை வென்றார்.

ஐந்தாம் படி: டி4 சிப்பாயை டி5க்குத் தள்ளுதல். அக்கட்டத்தைத் தாக்கும் காய்களையும் காக்கும் காய்களையும் எண்ணிய பிறகே தள்ளுங்கள். இந்நிலையை நண்பருடன் இரு பக்கமும் மாறி மாறி ஆடிப் பாருங்கள்.