கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து வாங்காதீர்கள்

சைக்கிள் ஓட்டும்போது ஷார்ட்ஸுக்கு உள்ளே போடும், பேட் என்கிற மெத்தை வைத்த லைனர் ஷார்ட்ஸைக் கடையில் கையில் எடுத்ததும் நாம் எல்லோரும் செய்வது ஒன்றுதான். உள்ளே இருக்கும் பேடைக் கட்டைவிரலால் ஓர் அமுக்கு. மெத்தென்று இறங்கினால் போதும், பில் போடச் சொல்லிவிடுகிறோம். என் முதல் லைனரை நானும் அப்படித்தான் வாங்கினேன். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். அதில் பாதியைத் தாண்டுவதற்குள் அந்த மெத்தை சப்பையாக நசுங்கிவிட்டது. மீதி ஏற்றம் முழுக்க எலும்பு சீட்டில் குத்திக்கொண்டே வந்தது.

சைக்கிளில் உட்காரும்போது நம் எடையைத் தாங்குவது இடுப்பெலும்பின் அடியில் இருக்கும் இரண்டு முனைகள். ரொம்ப மென்மையான நுரை அந்த இரண்டு இடத்திலும் அடிவரை அமுங்கிவிடும். அமுங்காத நடுப்பகுதி மேலெழும்பி, நரம்பும் ரத்தக்குழாயும் ஓடுகிற இடத்தை அழுத்தும். நீண்ட ஏற்றத்தில் மரத்துப்போவதற்கு இதுவும் ஒரு காரணம். அதனால் தடிமனைவிட அடர்த்தியைப் பாருங்கள். அமுக்கினால் பேட் கொஞ்சம் எதிர்த்து நிற்க வேண்டும், விரலை எடுத்ததும் பழைய நிலைக்கு வர வேண்டும். எலும்பு படும் இடம் கெட்டியாகவும், ஓரங்கள் மெலிந்தும் இருப்பது நல்லது. ஒரு கனமீட்டருக்கு இத்தனை கிலோ என்று அட்டையில் அடர்த்தி போட்டிருந்தால், மில்லிமீட்டர் கணக்கை விட்டுவிட்டு அதை வைத்து ஒப்பிடுங்கள்.

மலை சைக்கிளுக்குத் தடித்த பேட் ஒத்துவராததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஏற்றத்தில் உட்கார்ந்து மிதிக்கிறோம். இறக்கத்தில் எழுந்து, உடம்பைச் சீட்டுக்குப் பின்னால் தள்ளுகிறோம். அப்படி முன்னும் பின்னும் நகரும்போது தடித்த பேட் சீட்டின் மூக்கில் மாட்டும். கல்லும் வேருமான தடத்தில் அது ஆபத்து.

அடுத்த தவறு, ஜட்டி போட்டுக்கொண்டு அதன்மேல் லைனர் போடுவது. கூச்சத்தில் யாரும் கேட்பதில்லை, கடைக்காரரும் சொல்வதில்லை. பேடின் மேல்துணி நேராகத் தோலில் படுவதற்காகவே செய்யப்பட்டது. நடுவில் வேறு துணி கூடாது. திருப்பூரைப் பக்கத்தில் வைத்திருக்கும் நமக்குப் பருத்தியின் குணம் தெரியாததல்ல. அது வியர்வையைக் குடித்து அப்படியே வைத்துக்கொள்ளும். ஈரமான தோல் இளகிவிடும், ஜட்டியின் தையல் விளிம்போ சரியாகத் தொடை இடுக்கில் நிற்கும். நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்தால் ஒரு மணி நேரத்தில் 4,200 முறை அந்த விளிம்பு ஒரே இடத்தில் உரசும். நாலு மணி நேரப் பயணத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வீட்டுக்கு வந்து குளிக்கத் தண்ணீர் ஊற்றும்போது எரிகிற எரிச்சல் அங்கிருந்து வருவதுதான்.

இதே காரணத்துக்காக, வாங்கும் முன் ஷார்ட்ஸை உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பித் தையலைத் தடவுங்கள். ஓவர்லாக் தையல் மேடாக நிற்கும், பிளாட்லாக் தட்டையாகப் படிந்திருக்கும். பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள் இதைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவார்கள். தொடையின் உள்பக்கத்திலும் பேடின் விளிம்பிலும் மேடு தட்டினால் அந்த உருப்படி வேண்டாம்.

அளவு விஷயத்தில் வீட்டு ட்ரவுசர் கணக்கு இங்கே உதவாது. காற்றோட்டமாக இருக்கட்டும் என்று தொளதொளவென்று எடுத்தால் பேட் ஒரு பக்கம், நாம் ஒரு பக்கம். லைனர் தோலோடு ஒட்டி நிற்க வேண்டும். நின்றுகொண்டு மட்டும் போட்டுப் பார்க்காதீர்கள். நிற்கும்போது நல்ல லைனர்கூடக் கொஞ்சம் இழுப்பதுபோலத்தான் இருக்கும். ஹேண்டில்பாரைப் பிடிப்பதுபோலக் குனிந்து பாருங்கள். இடுப்பு எலாஸ்டிக் சுருண்டு வயிற்றை வெட்டினால், எலாஸ்டிக்குக்குப் பதில் தோளில் மாட்டும் வார் வைத்த பிப் வகை நல்லது. பெண்கள், ஆண்களுக்கானதில் சின்ன அளவை எடுத்துச் சமாளிக்க வேண்டாம். பெண்களுக்குப் பொதுவாக அந்த எலும்பு முனைகள் இன்னும் அகன்று இருப்பதால், அவர்களுக்கான பேட் வேறு வடிவத்தில் வரும்.

மேலே போடும் ஷார்ட்ஸையும் மறந்துவிடக் கூடாது. இருகால் சேரும் இடத்தில் ஜீன்ஸ்போலத் தடித்த தையல் இருந்தால், உள்ளே எவ்வளவு நல்ல லைனர் போட்டும் பயனில்லை.

சரி, எல்லாம் பார்த்து வாங்கியும் வலிக்கிறதென்றால் சீட்டின் உயரத்தைப் பாருங்கள். சீட் அளவுக்கு மேல் உயர்ந்திருந்தால் ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு இரண்டு பக்கமும் ஆடும். அந்த ஆட்டம் உண்டாக்கும் உரசலை எந்தப் பேடும் தடுக்காது. பலர் அப்போது சீட்டுக்கு ஜெல் உறை வாங்கி மாட்டுகிறார்கள். மெத்தைமேல் மெத்தை போட்டதாகி, முதலில் சொன்ன நடு அழுத்தம்தான் கூடும்.

அப்புறம், வண்டியை நிறுத்திய பின் நடக்கும் தவறு. வேலிகளுக்கு நடுவே ஓடும் இட்டேரித் தடமெல்லாம் சுற்றிவிட்டு ஈர லைனரோடு டீக்கடைப் பெஞ்சில் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருப்பது. சூடும் ஈரமும் சேர்ந்தால் மயிர்க்கால்களில் கிருமி பெருகிக் கொப்புளம் கிளம்பும். மாற்றுத்துணி ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு, இறங்கியதும் மாற்றுங்கள். லைனரை அன்றைக்கே சாதாரண சோப்பில் அலசுங்கள். துணியை மென்மையாக்கும் திரவம் வேண்டாம், வியர்வையை வெளியேற்றும் திறனை அது கெடுத்துவிடும். பேட் வெளியே தெரியுமாறு திருப்பி நிழலில் காயப்போடுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் ஆடியில் சீக்கிரம் காய்ந்துவிடும். ஐப்பசி மழையில் மறுநாள் காலையிலும் நடுவில் ஈரம் நிற்கும். அடுத்தடுத்த நாள் ஓட்டுபவர்கள் அதனால் இரண்டு லைனர் வைத்துக்கொள்ளுங்கள்.