குற்றவியல் பேராசிரியரின் நோட்டுகளைத் தொகுப்பது எப்படி?

கோவையில் சட்டம் படித்து ஈரோடு, கோபி, தாராபுரம், பொள்ளாச்சி கோர்ட்டுகளில் தொழில் செய்யும் வக்கீல்கள் பலர், தங்களுக்குக் குற்றவியல் சட்டம் சொல்லிக்கொடுத்து மறைந்த சாரின் நோட்டுகளைத் தொகுக்க நினைக்கிறார்கள். உட்கார்ந்ததும் பழைய செக்‌ஷன் எண்களை அடித்துவிட்டுப் புதிய சட்டங்களின் எண்களை எழுதத் தொடங்கினால் அந்த நோட்டு பாழ். அது கடைசி வேலை.

முதலில் வீட்டாரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். எழுதியவர் மறைந்த பிறகும் குறைந்தது 60 ஆண்டுகள் பதிப்புரிமை வாரிசுகளுடையது. நோட்டைக் கையில் கொடுத்தார்கள் என்பதால் அச்சிடும் உரிமை வந்துவிடாது.

கட்டைப் பிரிக்கும் முன் ஒவ்வொரு தாளின் மூலையிலும் பென்சிலில் வரிசை எண் போடுங்கள். துருப்பிடித்த குண்டூசியை வெடுக்கென்று இழுத்தால் தாள் கிழியும். அடியில் ஒரு பிளாஸ்டிக் துண்டைச் செருகி, மெல்ல நெம்பி எடுங்கள். கிழிசலுக்கு செல்லோடேப் வேண்டாம். சில வருடங்களில் பசை பழுப்பேறி எழுத்தையே மறைக்கும். செய்தித்தாள் நறுக்குகளைத் தனி உறையில் போடுங்கள், பக்கத்துத் தாளையும் அது பழுப்பாக்கும். ஸ்கேன் 300 டிபிஐயில், கலரில் இருக்கட்டும். நீல மையில் எழுதியதன்மேல் பிறகு சிவப்பில் திருத்தியிருப்பார். கறுப்பு வெள்ளையில் அந்த வித்தியாசம் போய்விடும்.

இனி எண்கள். ஐபிசி (இந்திய தண்டனைச் சட்டம்), சிஆர்பிசி (குற்றவியல் நடைமுறைச் சட்டம்), சாட்சியச் சட்டம் ஆகியவற்றின் இடத்தில் வந்த பிஎன்எஸ், பிஎன்எஸ்எஸ், பிஎஸ்ஏ என்ற புதிய மூன்று சட்டங்களும் 1.7.2024 முதல் நடைமுறையில் உள்ளன. அதற்கு முன் நடந்த குற்றத்துக்கு இன்றும் ஐபிசிதான். எனவே பழைய எண் அப்படியே இருக்க, ஓரத்தில் வேறு நிற மையில் புதியதை எழுதுங்கள். சட்டத்தின் பெயர் இல்லாமல் எண்ணை மட்டும் எழுதவே கூடாது. ஐபிசி 302 கொலைக்குத் தண்டனை. பிஎன்எஸ்ஸில் அது 103. பிஎன்எஸ் 302 என்பதோ மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சு. சிஆர்பிசி 482 ஐகோர்ட்டின் உள்ளார்ந்த அதிகாரம், அது பிஎன்எஸ்எஸ்ஸில் 528 ஆகிவிட்டது. பிஎன்எஸ்எஸ் 482 முன்ஜாமீன். ஊரே அறிந்த 144 தடையுத்தரவு இப்போது 163, புதிய 144 ஜீவனாம்சம். ஜூனியர் தடுமாறுவது இந்த மாதிரி இடங்களில்தான். ஐபிசி 377 (இயற்கைக்கு மாறான உறவு), 497 (பிறன்மனை உறவு) போன்றவற்றுக்குப் புதிய சட்டத்தில் இணை கிடையாது. அங்கே ‘இல்லை’ என்றே எழுதுங்கள், நெருக்கமாகத் தெரியும் எதையாவது பிடித்து நிரப்பாதீர்கள். ராஜதுரோகம் பற்றிய ஐபிசி 124ஏ-க்கு எதிரே பிஎன்எஸ் 152 என்று சமக்குறி போடுவதும் தப்பு, வாசகமே வேறு.

எண் மாறினாலும் கேஸ் லா, அதாவது பழைய தீர்ப்புகள் வகுத்த விதிகள், பெரும்பாலும் நிற்கிறது. சாரின் சொத்து அதில்தான் இருக்கிறது. உதாரணத்துக்கு 1919ஆம் ஆண்டு சென்னை ஐகோர்ட் ஃபுல் பெஞ்ச் தீர்ப்பான பழனி கவுண்டன் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். கணவன் கலப்பைக் கொழுவால் மனைவியை அடிக்கிறான். செத்துவிட்டாள் என்று நம்பி, தற்கொலை போலக் காட்ட உத்தரத்தில் தொங்கவிடுகிறான். உயிர் போனது தூக்கில்தான். அடித்தபோது கொல்லும் எண்ணம் இல்லை, தொங்கவிட்டபோது அவன் மனதில் அது பிணம். ஆகவே கொலை இல்லை என்றது கோர்ட். இதன் பக்கத்திலேயே 1943ஆம் ஆண்டின் தவமணி வழக்கும் இருக்க வேண்டும். அங்கே தொடக்கத்திலேயே கொல்லும் எண்ணம் இருந்தது, அதனால் செத்துவிட்டாள் என்று நினைத்துக் கிணற்றில் போட்டதும் சேர்ந்து ஒரே செயலாகிக் கொலையானது. இரண்டையும் தனித்தனித் தலைப்பில் பிரித்துவிட்டால் பாடமே போய்விடும்.

ஓரக்குறிப்பு புரியாத இடங்களில் பழைய மாணவர்களிடம் “இந்தக் கேஸை சார் எப்படீங்க நடத்துவாரு?” என்று கேளுங்கள். மூன்று பேரைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். கூட்டி வைத்துக் கேட்டால் ஒருவர் சொன்னதையே மற்றவரும் சொல்வார். நோட்டில் இருப்பதையும் அவர்கள் சொன்னதையும் கலக்காமல் எழுதுங்கள்.

நோட்டுக்கு நடுவே நிஜ கேஸ் கட்டின் தாள்கள் செருகியிருக்கும். பாலியல் வழக்கில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது பிஎன்எஸ் 72இன்படி குற்றம். மூலத்தில் கை வைக்காமல், ஜெராக்ஸில் பெயர், ஊர், உறவு மூன்றையும் மார்க்கரால் அடியுங்கள். ஊரும் உறவும் தெரிந்தால் சின்ன கிராமத்தில் ஆளைக் கண்டுபிடிப்பது சுலபம். வெளிச்சத்தில் பிடித்தால் மார்க்கருக்கு அடியில் எழுத்து தெரியும். அதனால் அடித்த தாளை மறுபடி ஜெராக்ஸ் எடுத்து, அந்தப் பிரதியை மட்டும் ஸ்கேன் செய்யுங்கள்.

மூலம் வீட்டாரிடம் திரும்பட்டும். ஒரு பிரதி கல்லூரி நூலகத்துக்கு, ஒன்று பார் அசோசியேஷனுக்கு. பழைய, புதிய எண்களை எதிரெதிரே காட்டும் பட்டியலை நோட்டோடு சேர்த்துத் தைக்காமல் தனித் தாள்களாக வையுங்கள், திருத்தம் வந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.