கிற்றாரின் வயரிங்கில் கைவைக்க முன்

"அண்ணை, பிக்கப் மாத்த வேணும், ஒரே இரையுது." யாழ்ப்பாணத்தில் திருவிழா மேடையிலும் தேவாலயத்திலும் வாசிக்கும் பெடியள் இப்படிச் சொல்லிக்கொண்டுதான் எலெக்ட்ரிக் கிற்றாரைக் கொண்டுவருவார்கள். திறந்து பார்த்தால், கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் அந்தக் காந்தச் சுருள், பிக்கப், பெரும்பாலும் நலமாகவே இருக்கும். எர்த் வயர் எங்கோ விட்டிருக்கும், அல்லது கேபிள் செருகும் ஜாக் உப்புக்காற்றில் கறுத்திருக்கும். காரணம் தெரியாமல் மாற்றத் தொடங்குவதே முதல் தவறு.

கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் வயரிங் பிழை என்று நினைக்கிறார்கள். இல்லை, அது அப்படித்தான் இருக்கவேண்டும். சுற்றிவர உள்ள மின் இரைச்சலை எங்கள் உடம்பும் வாங்குகிறது. கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜுக்குப் போகும் எர்த் வயர், தொட்டவுடன் அதை அடக்குகிறது. தொட்டால் கூடுகிறது என்றால்தான் யோசிக்கவேண்டும்: ஜாக்கில் இரண்டு வயரும் இடம்மாறியிருக்கலாம்.

எனக்கு மிகப் பயமான தவறு வேறு. கம்பியில் கறன்ட் அடிக்கிறது என்று அந்தப் பிரிட்ஜ் வயரையே வெட்டிவிடுகிறார்கள். சாதாரண கிற்றாருக்குள் 230 வோல்ட் கிடையாது. அடிப்பது அம்பிளிபயரிலோ மைக்கிலோ ஜெனரேற்றரிலோ உள்ள எர்த் கோளாறு. வயரை வெட்டினால் இரைச்சல் கூடும். ஆபத்தும் முழுதாய்ப் போகாது, ஜாக்கின் உலோகம் இன்னும் அதே எர்த்தில்தான் இருக்கிறது. பிளக்கின் எர்த் பின்னை யாராவது கழற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள், எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அதுவரை அந்த மேடையில் வாசிக்காதீர்கள். ஒரு கை கம்பியில், வாய் மைக்கில் என்று நிற்கும் பிள்ளையை நினைத்துச் சொல்கிறேன்.

வொல்யூமையும் ரோனையும் திருகும் கொன்றோல் வாங்கும்போது கடையில் இருப்பதை எடுத்துவராதீர்கள். ஒற்றைச் சுருள் பிக்கப்புக்கு வழக்கமாக 250 கிலோ ஓம், இரட்டைச் சுருள் ஹம்பக்கருக்கு 500. மாறிப் போட்டால் ஒலி மங்கும் அல்லது கீச்சிடும். வொல்யூமுக்கு, காதுக்கு ஏற்றபடி படிப்படியாய் மாறும் ஏ வகை நல்லது. பி வகையைப் போட்டால் திருகலின் கடைசிப் பகுதியில்தான் ஒலி சட்டென்று விழும். ரோனுக்கு 0.022 அல்லது 0.047 மைக்ரோபரட் கொள்ளளவி போதும். அதிக வோல்ட் எழுதிய பெரிய கொள்ளளவியால் ஒலி கூடாது, இடந்தான் அடைபடும்.

ஹம்பக்கரைப் பிரித்து ஒரு சுருளை மட்டும் எடுத்துவிட்டு, இரைச்சல் வந்துவிட்டதே என்று கவலைப்படுகிறவர்களும் உண்டு. கிப்சனில் சேத் லவர் 1955இல் இரண்டு சுருளை எதிரெதிராக இணைத்ததே அந்த இரைச்சலைக் கொல்லத்தான். ஒன்றை நிறுத்தினால் அது திரும்பிவரும்.

சோல்டர் பிடிக்கக் குழாய்வேலைக்கான அமிலப் பேஸ்ட் வேண்டாம், வயரை அது மெல்லத் தின்றுவிடும். ரோசின் உள்ள ஈயம் போதும். கொன்றோலின் முதுகில் சோல்டர் அயனை நெடுநேரம் வைத்திருந்தால் உள்ளே கருகும். முதுகைச் சுரண்டி ஈயம் பூசிவிட்டு வயரை வையுங்கள். ஸ்குரூ டிரைவரைப் பிக்கப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். காந்தம் இழுத்து, முடியிலும் மெல்லிய சுருள் கம்பி அறுந்துதான் என் முதல் பிக்கப் போனது.

கழற்ற முன் போனில் நாலு படம் எடுங்கள். வேலை முடிந்ததும் கம்பி பூட்ட முன்னரே அம்பிளிபயரில் கொழுவி, ஒலியைக் குறைத்துவைத்து, ஒவ்வொரு பிக்கப்பின் மேலும், சுருள் கம்பியில் படாமல், ஒரு சின்ன இரும்புத் துண்டால் மெல்லத் தட்டிப் பாருங்கள். 'டொக்' என்று கேட்டால் மூடலாம்.