நிலம் அரிதாக நடுங்கும் ஊரில் நிலநடுக்கத்தை எதிர்கொள்ளும் முறை

தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்த ஒருவர் நிலநடுக்கத்தை ஒருமுறைகூட உணராமலே வாழ்ந்து முடிக்கக்கூடும். ஆனாலும் 1900 பிப்ரவரி 8 அன்று விடியலுக்கு முன் கோயம்புத்தூர்ப் பகுதியை ஏறத்தாழ 6 அளவுள்ள நடுக்கம் உலுக்கியது; 2001 செப்டம்பர் 25 இரவு புதுச்சேரிக்கு அப்பால் கடலடியில் உண்டான 5.5 அளவு நடுக்கம் சென்னை வரை உணரப்பட்டது. 2002-இல் திருத்தப்பட்ட நில அதிர்வு வரைபடம் சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து அதைவிட ஆபத்து கூடிய மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றியது. அடிக்கடி நடுங்கும் நாட்டில் சிறுபிள்ளைக்கும் தெரிந்திருக்கும் செய்கைகள் இங்கே பெரியவர்களுக்கும் பழக்கமில்லை என்பதால், அவற்றை முன்கூட்டியே மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது.

முதலில், நடப்பது நிலநடுக்கம்தான் என்று கண்டுகொள்ள வேண்டும். பலர் தலைசுற்றல் என்றோ, தெருவில் கனரக லாரி போகிறது என்றோ நினைத்து முதற்சில விநாடிகளை இழந்துவிடுகிறார்கள். ஐயம் வந்தால் தொங்கும் விளக்கையும் குடத்து நீரையும் பாருங்கள். அவையும் ஆடினால் தலைசுற்றல் இல்லை. அருகில் தோன்றும் நடுக்கம் பெரும்பாலும் ஓர் உறுமலோடு வெடுக்கென்று உலுக்கி, சில விநாடிகளில் ஓய்ந்துவிடும். தொலைவில் நிகழும் மிகப் பெரிய நடுக்கம் மெதுவான, நீண்ட அசைவாக வந்து சேரும்; அதை மாடிகளில் இருப்பவர்கள் உணர்வார்கள், தரையில் நிற்பவர் ஒன்றும் அறியாமல் இருப்பார். 2012 ஏப்ரல் 11 பிற்பகலில் சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவு நடுக்கம் நிகழ்ந்தபோது சென்னையின் உயரமான அலுவலகக் கட்டடங்கள் ஆடியதும், ஊழியர்கள் தெருவில் திரண்டதும் இவ்வகையே.

அதிர்வு தொடரும்போது ஓடக் கூடாது. நம் ஊரில் எல்லோருக்கும் முதலில் தோன்றும் எண்ணம் படியிறங்கி ஓடுவதுதான் என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கான்கிரீட் தூண்கள் உள்ள கட்டடத்தில் இருந்தால் உடனே முழந்தாளிட்டுக் குனிந்து, உறுதியான மேசைக்கு அடியில் புகுந்து, அதன் காலைப் பற்றிக்கொள்ளுங்கள். மேசை இல்லையென்றால் கண்ணாடிச் சன்னல், பீரோ, பொருள்கள் அடுக்கிய பரண் ஆகியவற்றை விட்டு விலகி, உட்புறச் சுவரோரம் குந்தித் தலையையும் பிடரியையும் கைகளால் மறைத்துக்கொள்ளுங்கள். படுக்கையில் இருப்பவர் அங்கேயே குப்புறப் படுத்துத் தலையணையால் தலையை மூடிக்கொள்ளலாம். எழ இயலாத முதியவர்களுக்கும் இதுவே ஏற்றது. வாசலில் பாய்ந்து நிற்பவர்மேல்தான் கைப்பிடிச்சுவரின் செங்கல்லும் சன்னல் மேற்பலகையும் பூந்தொட்டியும் விழுகின்றன. வண்டியில் செல்பவர்கள் மேம்பாலத்தையும் மின்கம்பத்தையும் தவிர்த்து ஓரமாக நிறுத்தி, வண்டிக்குள்ளேயே இருக்க வேண்டும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. 1993 செப்டம்பர் 30 அதிகாலையில் மகாராட்டிரத்தின் கில்லாரியில் நிகழ்ந்த நடுக்கத்தின் அளவு 6.2 மட்டுமே, நடுக்க வாய்ப்பு மிகக் குறைவு என்று கருதப்பட்ட அந்தப் பகுதியில் ஆயிரக்கணக்கானோர் இறந்ததற்குப் பெரிய காரணம், மண்சாந்தில் அடுக்கிய தடித்த கருங்கல் சுவர்களும் அவற்றின்மேல் ஏற்றிய கனத்த மண்கூரையும்தான். அத்தகைய பழைய வீட்டின் தரைத்தளத்தில், திறந்த வெளிக்குச் செல்லும் கதவுக்கு அருகிலேயே நீங்கள் இருந்தால் வெளியேறுவது சரி. குறுகிய சந்தில் முடியும் கதவு அந்தக் கணக்கில் சேராது.

அதிர்வு நின்றதும் செருப்பை மாட்டிக்கொள்ளுங்கள். உடைந்த கண்ணாடியை மிதித்துக் காலைக் கிழித்துக்கொள்வது எளிது. சமையல் எரிவாயு உருளையின் ரெகுலேட்டரை மூடுங்கள். வாயு வாடை வந்தால் மின்விசையைத் தொடாமல் சன்னல்களைத் திறந்துவிட்டு வெளியேறி, 1906 என்ற எண்ணை அழையுங்கள். மின்தூக்கியைப் பயன்படுத்தாமல் படி வழியே இறங்கி, சுவரும் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியும் சரிந்தால் எட்டாத தொலைவில் நில்லுங்கள். பின்னதிர்வுகள் வரக்கூடும் என்பதால், கட்டடத்தைப் பார்த்தறிந்த பிறகே உள்ளே திரும்ப வேண்டும். பூச்சில் தெரியும் மயிரிழை விரிசல் பொதுவாக அச்சத்துக்குரியதல்ல. தூணிலோ தூணும் உத்தரமும் சேரும் இடத்திலோ சாய்வான விரிசல் இருந்தால், அல்லது கான்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிந்தால், பொறியாளர் பார்க்கும் வரை அங்கே தங்க வேண்டாம். தரைத்தளத்தில் சுவரின்றித் தூண்களை மட்டும் நிறுத்தி வாகனங்களுக்கு விட்ட அடுக்ககங்களில் இந்தச் சோதனை இன்னும் முக்கியம். 2001 சனவரியில் குசராத்து நடுங்கியபோது அகமதாபாத்தில் இடிந்த அடுக்ககங்கள் பல அந்த வகையைச் சேர்ந்தவை. நம் நகரங்களிலும் அதே அமைப்பைத்தான் தெருவுக்குத் தெரு கட்டிக்கொண்டிருக்கிறோம்.

கடற்கரை ஊர்களில் ஒரு முரணை நினைவில் கொள்ள வேண்டும். வெடுக்கென்று உலுக்கி மக்களை அலற வைக்கும் 5.5 அளவு உள்ளூர் நடுக்கம் பெரும் அலையை எழுப்புவது அரிது. பலர் பொருட்படுத்தாமல் விடும் மெல்லிய, நீண்ட ஆட்டமே கூடுதல் கவனத்துக்குரியது. 2004 திசம்பர் 26 காலை ஆறரை மணியளவில் சுமத்ராவுக்கு அருகில் நிகழ்ந்த நடுக்கத்தின் ஆழிப்பேரலை நம் கரையை அடைய ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆயிற்று. 2012-இல் கடலடித் தரை மேலெழும்பாமல் பக்கவாட்டில் நகர்ந்ததால் உண்டான நடுக்கம் என்பதால் பேரலை எழவில்லை. ஆனால் எந்த வகை நகர்வு என்பதைக் கரையில் நிற்பவர் அறிய வழியில்லை. எனவே ஆட்டம் நெடுநேரம் நீடித்தாலோ, கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினாலோ வேடிக்கை பார்க்காமல் மேட்டுநிலத்துக்கோ உறுதியான கட்டடத்தின் மேல்மாடிக்கோ சென்றுவிட்டு, ஐதராபாத்தில் இயங்கும் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையத்தின் அறிவிப்புக்குக் காத்திருங்கள். முதல் அலையோடு முடிந்தது என்று கரைக்குத் திரும்புவது ஆபத்தானது.

அன்றிரவு வாட்சப்பில் "பதினொரு மணிக்கு மீண்டும் வரும்" என்ற செய்தி உறுதியாக வரும். நிலநடுக்கத்தின் நாளையும் நேரத்தையும் முன்னறிவிக்கும் வழி உலகில் எவரிடமும் இல்லை என்பதால் அதை யாருக்கும் அனுப்பாதீர்கள். உறவினர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் போதும். தொலைபேசித் தடம் உதவி தேவைப்படுவோருக்குக் கிடைக்கட்டும். மாநிலப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையை 1070 என்ற எண்ணிலும், மாவட்ட அறையை 1077 என்ற எண்ணிலும் அழைக்கலாம். நேரம் வாய்க்கும்போது, எந்த மாடியில் இருந்தீர்கள், என்னென்ன ஆடின, எவ்வளவு நேரம் ஆடியது என்பதைத் தேசிய நில அதிர்வு மையத்தின் இணையதளத்தில் பதியுங்கள். கருவிகள் இடைவெளி விட்டு அமைந்திருக்கும் பகுதியில் அதிர்வு எங்கே எவ்வளவு உணரப்பட்டது என்ற வரைபடத்தை நிரப்ப இத்தகைய பதிவுகள் உதவுகின்றன.