எல்லையோரக் கலை மன்றத்தில் பருவத்துக்கேற்ற விழா நடத்துவது எப்படி?

ஒரு பெரிய தாளை எடுத்துப் பன்னிரண்டு கட்டம் போடுங்கள். ஜனவரி, பிப்ரவரி என்று எழுத வேண்டாம். கட்டத்தின் ஒரு மூலையில் தை, மாசி என்றும் இன்னொரு மூலையில் மகரம், கும்பம் என்றும் எழுதுங்கள். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதி என்று பாலக்காட்டுக்குக் கிழக்கே தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கிற நம் ஊர்களில் நம் வீட்டுச் சுவரில் தமிழ்க் காலண்டரும் பக்கத்து வீட்டுச் சுவரில் மலையாளக் காலண்டரும் தொங்கினாலும், இரண்டும் சூரியக் கணக்கு என்பதால் மாதங்கள் ஒரே நாளிலோ ஒரு நாள் முன்பின்னாகவோதான் பிறக்கின்றன. ஆடிதான் கர்க்கிடகம், ஆவணிதான் சிங்ஙம், மார்கழிதான் தனு. இதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் எந்த நாளில் இரண்டு வீட்டுக்காரர்களும் ஒன்றாக வந்து உட்காருவார்கள் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

அடுத்து, ஆள் வர முடியாத நாட்களை சிவப்பு மையில் குறியுங்கள். இரண்டாம் போக அறுவடை தை, மாசியில் வரும், அப்போது வயல்காரர் யாரும் மாலையில் நிமிர்ந்து உட்கார மாட்டார். மார்ச் மாதம் பிள்ளைகளுக்குப் பரீட்சை. சித்திரையில் விஷு கழிந்ததும் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர், ஆலத்தூர் தாலுக்காக்களில் ஊர் ஊராகக் கண்ணியார்களி என்ற கோயில் ஆட்டம் நடக்கும், அந்த ராத்திரிகளில் நீங்கள் எதை வைத்தாலும் மன்றம் காலியாகத்தான் இருக்கும், போட்டி போடாதீர்கள், நீங்களும் போய்ப் பாருங்கள்.

பலரும் செய்யாத வேலை ஒன்று இருக்கிறது: கலைஞர்களுடைய பருவத்தையும் அதே தாளில் எழுதுவது. நாங்கள் ஒரு தடவை மாசி மாதத்தில் தோல்பாவைக்கூத்து, அதாவது திரையில் நிழல் விழ ஆட்டும் பாவைக்கூத்து, வைக்க ஆசைப்பட்டு நோட்டீஸ்கூட அடித்த பிறகுதான் அதை ஆட்டும் புலவர்களைக் கேட்டோம், ஒருவருக்கும் நாள் இல்லை. எப்படி இருக்கும்? ஷொர்ணூர், ஒற்றப்பாலம் பக்கத்துப் பகவதி கோயில்களில் அவர்களுக்கு ஜனவரியிலிருந்து மே வரைதான் காலம். சில கோயில்களில் ஏழு ராத்திரி, சில இடங்களில் பதினான்கு, இருபத்தொன்று என்று நடக்கும். தாரிகன் என்ற அசுரனோடு போர் செய்யப் போனதால் ராவண வதத்தைப் பார்க்க முடியாமல் போன பத்ரகாளிக்காக நடத்துவது என்பது ஐதிகம், அதனால்தான் கூத்து நடக்கும் மேடையான கூத்துமாடம் அம்மனைப் பார்த்தபடி கட்டியிருக்கும். பார்க்க ஆள் ஒருவர்கூட இல்லாத ராத்திரியிலும் அவள் பார்க்கிறாள் என்று ஆடுவார்கள். அந்தக் கடமையை விட்டுவிட்டு நம் மேடைக்கு வரச் சொல்வது நியாயமில்லை.

ஆகவே அவர்களை ஆடியில் கூப்பிடுங்கள். ஆடியில் இந்தப் பக்கமும் கல்யாணம் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை, கல்யாண மண்டபம்கூட சும்மா கிடக்கும், மழையினால் வேலையும் குறைவு. கேரளத்தில் கர்க்கிடகம் ராமாயண மாசம், வீட்டுக்கு வீடு மலையாளக் கவி எழுத்தச்சனின் அத்யாத்ம ராமாயணம் வாசிப்பார்கள். எழுத்தச்சன் கடைசிக் காலத்தில் வாழ்ந்த குருமடம் சித்தூரில் சோகநாசினி ஆற்றங்கரையில்தான் இருக்கிறது. தோல்பாவைக்கூத்துப் புலவர்கள் பாடுவதோ கம்பராமாயணம். ஒரே மாதம், ஒரே கதை, இரண்டு கவிகள், நடுவில் நாம். இதைவிடப் பொருத்தமான நிகழ்ச்சியை நம் ஊருக்கு யோசிக்க என்னால் முடியவில்லை.

நடத்தும் விதம் இப்படி. ஒரே ஒரு கட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள், ஜடாயுவோ வாலி வதமோ எதுவானாலும் சரி, எது தோதாக வரும் என்று புலவரிடமே முன்கூட்டிக் கேட்டு முடிவு செய்யுங்கள். முதலில் நம் ஊர்ப் பிள்ளைகள் கம்பனில் ஐந்தாறு பாட்டுச் சொல்லட்டும். அப்புறம் பக்கத்து வாயனசாலையில், அதாவது ஊர் நூலகத்தில், ராமாயணம் வாசிக்கும் அம்மாக்களை அழைத்து அதே கட்டத்தை எழுத்தச்சனின் வரிகளில் பாடச் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்து அரை மணிக்கு மேல் போக வேண்டாம். அதன் பிறகு கூத்து. புலவர் தமிழ்ப் பாட்டைச் சொல்லிவிட்டு மலையாளம் கலந்த தமிழில் விளக்கம் சொல்லும்போது கூடத்தின் இரண்டு பக்கமும் தலையாட்டுவதைப் பார்ப்பீர்கள். ராமச்சந்திரப் புலவருக்கு 2021இல் பத்மஸ்ரீ கிடைத்த பிறகு இந்தக் கலையின் பெயர் பலருக்கும் தெரிந்திருக்கிறது, ஆனால் அதில் பாடுவது நம் கம்பன் என்பது எல்லைக்கு இந்தப் பக்கமே இன்னும் நிறையப் பேருக்குத் தெரியாது. நோட்டீசில் அதை முதல் வரியாகப் போடுங்கள்.

இடத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கோயில் கூத்துமாடத்தில் திரை நாற்பத்திரண்டு அடி நீளம், பின்னால் வரிசையாக இருபத்தொரு தேங்காய்மூடி விளக்கு. மன்றத்தில் அவ்வளவு இடம் இருக்காது, குழுக்கள் சின்னத் திரையிலும் ஆடித் தருவார்கள், நீளமும் ஆழமும் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து சொல்லிவிட்டால் போதும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது பாலக்காட்டுக் கணவாய்க்காரர்களுக்கு வெறும் பழமொழி இல்லை. எங்கள் முதல் கூத்தில் மேற்கு ஜன்னலைச் சாத்த மறந்து, திரை படபடவென்று அடித்து, விளக்குச் சுடர் துணிப் பக்கம் சாய்ந்தது. நிறுத்திவிட்டுத்தான் தொடர்ந்தோம். மேற்கு ஜன்னல்களைச் சாத்துங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள், திரைக்குப் பின்னால் ஒரு வாளி மணலும் ஒரு வாளித் தண்ணீரும் வையுங்கள், அங்கே நிற்க ஓர் ஆளையும் போடுங்கள். டியூப்லைட் எல்லாம் அணைக்கப்படும் என்பதால் வயதானவர்களை முன்னதாகவே நாற்காலியில் உட்கார வைத்துவிட வேண்டும். பிள்ளைகளுக்குப் பாய், திரைக்கு முன்னால்.

மார்கழியில் இதே மாதிரி இன்னொரு நாள் இருக்கிறது, திருவாதிரை. நம் வீடுகளில் களியும் ஏழுகறிக் கூட்டும் செய்கிற அன்றைக்கே மலையாள வீட்டுப் பெண்கள் நோன்பிருந்து குத்துவிளக்கைச் சுற்றிக் கைகொட்டிக்களி ஆடுகிறார்கள். நமக்குக் களி என்றால் தட்டில் இருப்பது, அவர்களுக்குக் களி என்றால் ஆட்டம். மன்ற முற்றத்தில் ஒரு விளக்கை வைத்து, முதலில் அவர்கள் ஆட, அடுத்து நம் பெண்கள் கும்மியடிக்க, கடைசியில் எல்லார் கையிலும் ஒரு தொன்னைக் களி. மேடை வேண்டாம், மைக் வேண்டாம், தலைமையுரை நிச்சயமாக வேண்டாம். ஆனால் அவர்கள் கோயிலில் ஆடும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு, நம்முடையதை மாலை வெளிச்சத்திலேயே முடித்துவிடுங்கள்.

ஓணத்துக்கும் பொங்கலுக்கும் அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஆட்கள் தானாக வருவார்கள். ஓணப் பூக்களம் போடும்போது கடைப் பூவை மட்டும் நம்பாமல், முந்தின நாள் மாலை பிள்ளைகளை வரப்புக்குக் கூட்டிப்போய்த் தும்பைப் பூ பறிக்க வையுங்கள், பெயர் தெரியாத பூவை எல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். பொங்கலுக்குப் பாலக்காடு உட்பட கேரளத்தின் ஆறு மாவட்டங்களில் உள்ளூர் விடுமுறை உண்டு என்பதால் கோலமும் உறியடியும் காலையிலேயே வைக்கலாம். ஜூன் 19, கேரளத்தில் நூலக இயக்கத்தை வளர்த்த பி.என்.பணிக்கர் நினைவாக வாசிப்பு நாள், அன்று வாயனசாலையோடு சேர்ந்து இரண்டு மொழியிலும் கதை சொல்லும் மாலை ஒன்று வைத்தால் அவர்களுடைய கூடமும் நாற்காலியும் உங்களுக்குக் கிடைக்கும்.

பாலக்காட்டுப் பக்கத்து நாட்டுப்புற நாடகமான பொறாட்டு நாடகம் வைப்பதென்றால் ஒரு சிக்கல். தமிழும் மலையாளமும் கலந்த பாட்டு, சோத்யக்காரன் கேள்வி கேட்கக் குறவனும் குறத்தியும் பதில் சொல்லும் அழகு, எல்லாம் நம் ஊருக்கென்றே செய்தது போல இருக்கும், ஆனால் அது ராத்திரி முழுக்க ஆடுகிற கலை. சட்டப்படி ராத்திரி பத்து மணிக்கு மேல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. மாலை ஆறரைக்குத் தொடங்கி இரண்டு மூன்று வேஷம் மட்டும் போதும் என்று ஆசானிடம் நேரில் போய்ப் பேசுங்கள், போனில் பேசினால் சரியாக விளங்காது. மைக்குக்கு போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குவதைக் கடைசி நாளுக்கு விடாதீர்கள்.

நோட்டீசின் ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் மலையாளம், ஒன்றின் கீழே ஒன்றாகப் போட்டால் கீழே இருக்கும் மொழிக்காரருக்கு மனசு சுருங்கும். பேனர் துணியில் எழுதுங்கள், கேரளத்தில் பிளாஸ்டிக் ஃப்ளெக்ஸுக்குத் தடை இருக்கிறது. நேரம் குறிக்கும் முன் பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டுக்கும் கடைசி பஸ் எப்போது என்று விசாரியுங்கள், கலைஞர்களும் அதே பஸ்ஸில் போக வேண்டியவர்களாக இருக்கலாம். சம்பளத்தைக் கவரில் போட்டு, அவர்கள் சாமான் கட்டத் தொடங்கும் முன்பே கொடுத்துவிட வேண்டும், நாளைக்கு அனுப்புகிறோம் என்று சொல்லக் கூடாது. சாப்பாடு கூத்துக்கு முன் லேசாக, முடிந்த பிறகு வயிறாற. மழைக்காலத்தில் பார்க்க வந்தவர்களுக்குச் சுக்குக் காப்பி.

அன்று ராத்திரியே, நாற்காலி அடுக்கும்போது, ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: எத்தனை பேர், எந்த மொழிக்காரர் எவ்வளவு, எந்த நேரத்தில் எழுந்து போனார்கள், எந்த ஜன்னல் சாத்தவில்லை, எவ்வளவு எண்ணெய் செலவானது. கூடவே, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும் பாட்டியிடம் அடுத்த வருடம் என்ன வைக்கலாம் என்று கேட்டு, அவர் சொன்னதை அவருடைய வார்த்தையிலேயே அந்தப் பன்னிரண்டு கட்டத் தாளில் எழுதுங்கள்.