பூக்காத செடியும் சும்மா இருக்காத கையும்

நர்சரியில் இருந்து வாங்கி வந்த அன்று ரோஜாச் செடியில் ஐந்து பூ இருந்தது. அவை உதிர்ந்து எட்டு மாதமாகிறது, ஒரு மொட்டுகூட இல்லை. செடி என்னவோ நன்றாகத்தான் இருக்கிறது, இலையும் பச்சைப் பசேலென்று இருக்கிறது, பூதான் வரமாட்டேன் என்கிறது. பூச்செடி வளர்க்கிற பாதிப் பேரிடம் இந்தப் புலம்பல் இருக்கும். நானும் புலம்பியவன்தான்.

காய்கறித் தோட்டத்தில் கணக்கு எளிது: விளைந்தது, பறித்தோம். பூச்செடியில் அப்படி இல்லை. காலையில் எழுந்ததும் பல்கூடத் துலக்காமல் போய், நேற்றுப் பச்சையாக இருந்த மொட்டின் நுனியில் நிறம் எட்டிப் பார்க்கிறதா என்று குனிந்து பார்ப்பதில்தான் பாதி சுகம். சிக்கலும் அங்கேயே தொடங்குகிறது. தினமும் போய்ப் பார்க்கிறவரின் கை சும்மா இருக்காது. கொஞ்சம் தண்ணீர், ஒரு பிடி உரம், இடம் மாற்றிப் பார்க்கலாமா, மண்ணைக் கிளறிப் பார்க்கலாமா. கவனிக்காமல் விட்டு நான் இழந்த செடிகளைவிட, இப்படிக் கை வைத்து இழந்தவைதான் அதிகம்.

முதல் நாளிலேயே ஒரு தவறு நடந்துவிடும். புதுச் செடி வந்ததும் பெரிய தொட்டி, புது மண், கைநிறைய உரம், நேரே வெயில் என்று ஒரே மூச்சில் எல்லாம் செய்துவிடுவோம். நர்சரியில் பெரும்பாலும் நிழல்வலைக்கு அடியில், நேரத்துக்குத் தண்ணீரும் ஊட்டமும் கொடுத்து, பூத்திருக்கும் சமயம் பார்த்து விற்பனைக்கு வைப்பார்கள். அங்கிருந்து வந்த செடிக்கு வீட்டு வெயிலும் காற்றும் பழக ஒரு வாரம் பத்து நாள் வேண்டும். அதுவரை வந்த பையிலேயே, காலை வெயில் மட்டும் படும் இடத்தில் இருக்கட்டும். அப்புறம் மாற்றும்போது வேர்க்கட்டியைவிட இரண்டு மூன்று அங்குலம் மட்டும் அகலமான தொட்டி எடுங்கள். சின்னச் செடியைப் பெரிய தொட்டியில் வைத்தால், வேர் எட்டாத மண் நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். அழுகல் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.

தண்ணீர்

வாடிய செடியைப் பார்த்தால் யாருக்கும் தண்ணீர் ஊற்றத்தான் தோன்றும். செடி தண்ணீர் இல்லாமலும் வாடும், தண்ணீர் மிஞ்சினாலும் வாடும். வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். வேர் மண்ணுக்குள் மூச்சு விடுகிறது. மண் துகள்களுக்கு இடையே உள்ள சந்துகளில்தான் அதற்கான காற்று இருக்கிறது. அந்தச் சந்துகளில் எந்நேரமும் தண்ணீரே நின்றால் வேர் மூச்சுமுட்டிச் சாகத் தொடங்கும். ஈரத்தில் பெருகும் அழுகல் கிருமிகள் மிச்சத்தை முடித்துவிடும். வேர் போனபின், சுற்றிலும் தண்ணீர் இருந்தும் செடியால் உறிஞ்ச முடியாது. வாடும். நாம் இன்னொரு குவளை ஊற்றுவோம்.

‘தினமும் காலையில் ஒரு குவளை’ என்கிற கணக்கை நம்பாதீர்கள். வெயில், காற்று, செடியின் அளவு எல்லாம் சேர்ந்து அந்தக் கணக்கை மாற்றிக்கொண்டே இருக்கும். மண்தொட்டி பக்கவாட்டிலும் ஈரத்தை வெளியே விடும், பிளாஸ்டிக் தொட்டி விடாது. விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்க்கச் சொல்வார்கள், நல்ல வழிதான். எனக்கு அதைவிடப் பிடித்தது தொட்டியைத் தூக்கிப் பார்ப்பது. தண்ணீர் ஊற்றியவுடன் ஒருமுறை, மண் காய்ந்தபின் ஒருமுறை என்று தூக்கிப் பழகிவிட்டால், அப்புறம் எடையை வைத்தே கை சொல்லிவிடும். ஊற்றும்போது அடித்துளையில் வழியும் வரை ஊற்றுங்கள். தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். நான்கு வேளையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் மேல் மண்தான் நனையும், அடிவேர் காயும்.

தண்ணீர் நன்றாக வடியட்டும் என்று தொட்டியின் அடியில் சரளைக்கல் பரப்பும் பழக்கம் பலருக்கு உண்டு. நானும் வருடக்கணக்காகச் செய்தேன். ஆனால் மேலே உள்ள நுண்ணிய மண் முழுவதும் ஊறி இனித் தாங்காது என்ற நிலை வரும் வரை, தண்ணீர் அடியில் உள்ள பெரிய கற்களுக்குள் இறங்காது. ஈரமான ஸ்பாஞ்சை நிறுத்திப் பிடித்தால் அதன் அடிப்பாகத்தில் தண்ணீர் தங்கி நிற்கும் அல்லவா, அதேபோல மண்ணின் அடியிலும் ஒரு ஈரப் பட்டை நிற்கும். கல்லைப் பரப்புவதால் அந்தப் பட்டை மறைவதில்லை, வேருக்குப் பக்கத்தில் உயர்ந்துவிடுகிறது. துளை வழியே மண் கொட்டாமலிருக்க ஒரு ஓட்டுத்துண்டு போதும். வடியவில்லை என்றால் சரிசெய்ய வேண்டியது மண்ணைத்தான்: மக்கிய தொழு உரம், கொஞ்சம் பெருமணல், தென்னை நார்க்கழிவு சேர்த்து இளக்கமாக்குங்கள். நார்க்கழிவை முதலில் நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசிவிடுங்கள், அதில் உப்பு இருக்கும்.

உச்சி வெயிலில் இலைமேல் நிற்கும் நீர்த்துளி பூதக்கண்ணாடி போல இலையைச் சுட்டுவிடும் என்று ஒரு பயம் உண்டு. வழவழப்பான இலைகளில் அப்படி நடப்பதில்லை. பயப்பட வேண்டியது, மாலையில் இலையை நனைத்து இரவு முழுக்க ஈரமாக விடுவதற்கு. ரோஜாவில் வரும் கரும்புள்ளி நோய்க்கு இலை சுமார் ஏழு மணி நேரம் தொடர்ந்து ஈரமாக இருந்தால் போதும், பூஞ்சை உள்ளே புகுந்துவிடும். அதனால் காலையில், செடியின் அடியில் ஊற்றுங்கள்.

வெளிச்சம் வேறு, வெயில் வேறு

ரோஜா, மல்லிகை, செம்பருத்தி, செண்டுமல்லி, காகிதப்பூ எல்லாவற்றுக்கும் தினமும் ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். ‘எங்கள் பால்கனி நல்ல வெளிச்சமாக இருக்கும்’ என்பது இந்தக் கணக்கில் சேராது. நம் கண் மங்கலுக்கும் பிரகாசத்துக்கும் உடனே பழகிக்கொள்வதால், வெயிலுக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள பெரிய வித்தியாசம் நமக்குத் தெரிவதில்லை. ஒரு விடுமுறை நாளில் மணிக்கு ஒருமுறை போய், எங்கே வெயில் விழுகிறது என்று குறித்துப் பாருங்கள். மூன்று மணி நேரம்தான் என்றால் வருத்தப்பட வேண்டாம், அந்த இடத்துக்குக் கனகாம்பரமோ பிகோனியாவோ வைக்கலாம். வெயில் இல்லாத இடத்தில் ரோஜாவை வைத்துவிட்டு உரத்தைக் கூட்டுவதுதான் வீண் வேலை.

செவ்வந்தி விஷயத்தில் இன்னொரு வேடிக்கை. பகல் பொழுதின் நீளத்தைப் பார்த்துத்தான் சில செடிகள் பூக்கின்றன என்று கார்னர், அல்லார்ட் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1920-இல் எழுதினார்கள். செடி கணக்கெடுப்பது உண்மையில் இருட்டின் நீளத்தை என்பது பின்னால் தெரிந்தது. செவ்வந்திக்கு நீண்ட, இடையறாத இரவு வேண்டும். தெருவிளக்கோ வாசல் விளக்கோ இரவெல்லாம் மேலே விழுந்துகொண்டிருந்தால், இரவு போதவில்லை என்று நினைத்து இலையை மட்டும் விட்டுக்கொண்டிருக்கும். அந்தத் தொட்டியை இருட்டான மூலைக்கு நகர்த்திப் பாருங்கள். அதற்காக மொட்டு விட்ட எல்லாச் செடியையும் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். செம்பருத்தி போன்றவை மொட்டோடு இடம் மாறினால் மொட்டுகளைக் கொட்டிவிடும்.

உரம் என்கிற ஆசை

சரி, வெயிலும் இருக்கிறது, தண்ணீரும் அளவாக இருக்கிறது, ஆனாலும் இலைதான் வருகிறது என்றால் பெரும்பாலும் தழைச்சத்து (நைட்ரஜன்) மிஞ்சியிருக்கும். யூரியாவில் 46 விழுக்காடு தழைச்சத்து. அதைப் போட்டால் செடி வாளிப்பாகும், கரும்பச்சையாகும், பார்க்க அழகாக இருக்கும், பூக்காது. மென்மையான அந்தத் தளிர்களை அசுவினி என்கிற, சாறு உறிஞ்சும் குட்டிப் பூச்சி தேடி வரும்.

காகிதப்பூ இதற்கு நல்ல உதாரணம். நாம் பூ என்று சொல்லும் அந்த வண்ண இதழ்கள் நிறம் மாறிய இலைகள்தான். நடுவே இருக்கும் சின்ன வெள்ளைக் குழல்தான் பூ. தினமும் தண்ணீரும் மாதாமாதம் உரமும் கொடுத்தால் அது கொடி வீசிக்கொண்டு பச்சையாகவே நிற்கும். மண் நன்றாகக் காய்ந்து, இலை லேசாகத் தொங்கும்வரை விட்டுப் பிறகு தண்ணீர் கொடுத்தால் நிறம் கொட்டும். இதை முதல்முறை செய்தபோது எனக்கு மனசே வரவில்லை.

தழைச்சத்தை விட்டுவிட்டு மணிச்சத்தை (பாஸ்பரஸ்) அள்ளிப் போடுவது அடுத்த தவறு. ‘பூ பிடிக்க டிஏபி உரம் போடு’ என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அதில் மணிச்சத்து 46 விழுக்காடு. மணிச்சத்து தழைச்சத்தைப் போல எளிதில் கரைந்து ஓடாது, தொட்டி மண்ணில் சேர்ந்துகொண்டே போகும். மிஞ்சினால் இரும்பையும் துத்தநாகத்தையும் செடி எடுத்துக்கொள்வதைக் கெடுக்கும். செம்பருத்திக்கு இது சுத்தமாக ஆகாது. முட்டை ஓடும் அப்படித்தான். அது சுண்ணாம்புச் சத்து, மெதுவாகக் கரைந்து மண்ணின் புளிப்பைக் குறைக்கும். இட்லிப்பூ என்கிற வெட்சிக்குப் புளிப்பான மண்தான் பிடிக்கும். அதன் தளிர் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச் சத்து கிடைக்கவில்லை என்று பொருள். அதைப் பார்த்து ‘சத்துக் குறைவு’ என்று இன்னும் நான்கு முட்டை ஓட்டை நொறுக்கிப் போட்டவர்களில் நானும் ஒருவன்.

மாதம் ஒருமுறை ஒரு பிடி மண்புழு உரம், தொட்டிச் செடிகள் பலவற்றுக்கு அதுவே போதும். மண்ணின் மேலும் தொட்டி விளிம்பிலும் வெள்ளையாக உப்புப் பூத்தால் ரசாயன உரத்தை நிறுத்திவிட்டு, நிறையத் தண்ணீர் விட்டு மண்ணை அலசி வடித்துவிடுங்கள்.

வெட்டத் தயங்குவது

எதிலும் கை வைக்கத் துடிக்கும் நமக்கு, கத்தரியை எடுக்க மட்டும் கை நடுங்கும். ரோஜா, மல்லிகை, செம்பருத்தி எல்லாம் புதுத் துளிரில் பூப்பவை. வெட்டாவிட்டால் துளிர் குறையும், துளிர் குறைந்தால் பூவும் குறையும். வெளிப்பக்கம் பார்த்திருக்கும் ஒரு கணுவுக்குக் கால் அங்குலம் மேலே கூர்மையான கத்தரியால் வெட்டினால், கிளை வெளிப்பக்கமாக விரியும், நடுவில் காற்றோடும். வாடிய பூவை அப்படியே விட்டால் செடி விதை கட்டப் போய்விடும். செண்டுமல்லியிலும் ஜினியாவிலும் காய்ந்த தலைகளைக் கிள்ளிக்கொண்டே இருந்தால் பூப்பது நீளும். எல்லாச் செடிக்கும் ஒரே நேரத்தில் கவாத்து செய்துவிடாதீர்கள். பெரிய பூக்கொத்து விடும் ஹைட்ரேஞ்சியாவின் பல வகைகள் பழைய கிளையில் முன்கூட்டியே மொட்டைத் தயார் செய்து வைத்திருக்கும். பூக்கும் முன்பு வெட்டினால் அந்த வருடப் பூவையே வெட்டியதாகிவிடும்.

இனி என் ரோஜாக் கதை. அடர் சிவப்பு ஒட்டு ரோஜா. இரண்டாம் வருடம் அடியில் இருந்து விறுவிறுவென்று ஒரு கிளை வந்தது. செடி பிழைத்துக்கொண்டது என்று குதூகலித்து உரம்கூடப் போட்டேன். மேலே இருந்த பழைய கிளைகள் ஒவ்வொன்றாகக் காய்ந்தன. கடைசியில் பூத்தது, கொத்துக் கொத்தாகச் சின்ன வெள்ளைப் பூ. ஒட்டுக் கட்டப் பயன்படுத்திய காட்டு ரோஜா வேர்ச்செடி, மேலே இருந்ததை விழுங்கிவிட்டது. ஏழு சிற்றிலை இருந்தால் அது காட்டுக் கிளை என்று சொல்வதை நம்பாதீர்கள், நல்ல ரகங்களிலும் ஏழு வரும். கிளை எங்கே பிறக்கிறது என்று பாருங்கள். ஒட்டுக் கட்டிய முண்டுக்குக் கீழே என்றால் அது வேண்டாத கிளை. வெட்டினால் அடிக்கண்ணில் இருந்து திரும்ப வரும்; மண்ணை விலக்கி, பிறந்த இடத்தோடு பிய்த்து எடுங்கள்.

பூச்சியைப் பார்த்தால் மருந்தைத் தேடி ஓடாதீர்கள். எறும்பு ஏறி இறங்கினால் அசுவினியோ மாவுப்பூச்சியோ எங்கேயோ இருக்கிறது. அவை விடும் இனிப்புநீருக்காகத்தான் எறும்பு வருகிறது. இலையின் அடிப்பக்கம் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே அசுவினியும் சிலந்திப்பேனும் பெருமளவு குறையும். கண்ட பூச்சிமருந்தை அடித்தால் சிலந்திப்பேனைத் தின்னும் நல்ல பூச்சிகள் முதலில் சாகும், சிலந்திப்பேன் முன்னைவிடப் பெருகும். வேப்பெண்ணெய் தண்ணீரில் தானாகக் கலக்காது, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்துக் குலுக்க வேண்டும். தேனீக்கள் போனபிறகு, வெயில் தணிந்தபிறகு அடியுங்கள். வெயிலில் அடித்தால் இலை கருகும்.

குழந்தைகளோ செல்லப் பிராணிகளோ உள்ள வீடு என்றால் ஒரு வார்த்தை: அரளியின் எல்லாப் பாகமும் விஷம், வெட்டிய கிளையை எரித்தால் புகையும் விஷம். நித்தியகல்யாணியும் வாயில் போடக் கூடாதது. லில்லி வகைகள் பூனையின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.

அந்த ரோஜாவுக்குப் பதிலாக வாங்கியதைப் போன முறை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டேன். வெட்டி ஆறு வாரமாவது ஆகும் பூவைப் பார்க்க. மூன்றாவது வாரம் கை பரபரத்தது, உரப் பையைப் பிரித்துவிட்டுத் திரும்பக் கட்டி வைத்தேன். ஐந்தாவது வாரத்தின் ஒரு காலையில் மொட்டின் பச்சை மடல் பிளந்து, உள்ளே நூல் அளவுக்குச் சிவப்பு தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றதில் அன்றைக்குத் தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டேன். செடிக்கு ஒன்றும் ஆகவில்லை.