தசைத் தாங்குதிறனுக்கு சப்ளிமென்ட்: எதை, எவ்வளவு, எப்போது

எடைப் பயிற்சியில் தசைத் தாங்குதிறன் என்பது, மிதமான எடையைத் தளராமல் எத்தனை முறை தூக்க முடிகிறது, அந்த எண்ணிக்கை அடுத்தடுத்த செட்டுகளில் (இடைவிடாமல் தூக்கும் ஒரு சுற்றே செட்) எவ்வளவு குறையாமல் நிற்கிறது என்பதே. ஆகவே நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ சப்ளிமென்ட் டப்பா வாங்கப் புறப்படும் முன் ஒரு நோட்டு வாங்குங்கள். ஒரே முறை தூக்க முடிகிற உச்ச எடையில் ஏறக்குறைய 60 சதவீதத்தை ஏற்றி, 90 விநாடி இடைவெளியுடன் மூன்று செட்டுகள் முடிந்தவரை செய்து, எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் கழித்து அதே நேரத்தில் அதையே திரும்பச் செய்யுங்கள். இயல்பாகவே ஏறி இறங்கும் அளவு எவ்வளவு என்று தெரியாதவருக்கு, எந்தத் தூளின் பலனும் பிடிபடாது.

சாளையும் நெத்தோலியும் கரையேறும் குமரி மாவட்டத்தில் புரோட்டீன் பவுடரிலிருந்து தொடங்க வேண்டிய கட்டாயம் பலருக்கு இல்லை. உடல் எடையில் கிலோவுக்கு 1.4 முதல் 2 கிராம் வரை புரதம் நாள்தோறும் கிடைத்தால் போதும். நிறைய முறை தூக்குவோருக்கு மாவுச்சத்தும் வேண்டும் என்பதால், பயிற்சிக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன் மரச்சீனியும் மீன்கறியும், நேரம் குறைவாயின் ஒரு ஏத்தன்பழமும் பொருத்தமானவை.

இதற்குப் பிறகும் வாங்க விரும்பினால், முதலில் கிரியேட்டின் மோனோஹைட்ரேட்; கடும் உழைப்பில் தசைக்கு விரைவாக ஆற்றல் கிடைக்க உதவும் பொருள் கிரியேட்டின். ஒரு கிலோ பச்சை மீனில் அது நான்கைந்து கிராம் அளவே இருக்கிறது. சமைக்கும்போது அதிலும் கொஞ்சம் குறையும். ஆகையால் மீன் உண்பவருக்கும் இது பயன்படும், சைவ உணவினருக்குக் கூடுதலாகவே பயன்படும். நாளொன்றுக்கு 3 முதல் 5 கிராம் வரை, பயிற்சி இல்லாத நாளிலும் விடாமல் எடுத்தால் மூன்று நான்கு வாரங்களில் தசைகளில் நிறையும். முதல் வாரத்தில் நாளுக்கு 20 கிராம் எடுப்பது வேகத்தைக் கூட்டுமே தவிர, முடிவை மாற்றாது. இரண்டு பருவமழையும் பெறும் நம் ஊரின் ஈரக்காற்றில் தூள் கட்டிபட்டுவிடும் என்பதால், கட்டிகளை உடைத்து, கரண்டியின் விளிம்போடு கத்தியால் வழித்து அளக்கவும்; நீரில் கலக்கி வைக்காமல் உடனே குடிக்கவும். எடை ஒரு கிலோ கூடினால் அது பெரும்பாலும் தசைக்குள் சேர்ந்த நீரே.

அடுத்தது காஃபீன். கிலோவுக்கு 3 மில்லிகிராம், அதாவது 60 கிலோ எடையுள்ளவருக்கு 180 மில்லிகிராம், பயிற்சிக்கு ஒரு மணி நேரம் முன். காப்பித்தூள் சேராத சுக்குக் காப்பியில் காஃபீன் கிடையாது. மாலை ஆறு மணிக்கு மேல் பயிற்சி செய்பவர் இதைத் தவிர்ப்பதே நல்லது. இழந்த தூக்கத்தை எந்த டப்பாவும் ஈடுசெய்யாது.

பீட்டா அலனைன் தசையில் கார்னோசின் என்ற பொருளைப் பெருக்கி, கடும் உழைப்பில் சேரும் அமிலத்தன்மையைத் தணிக்கிறது. ஒன்று முதல் நான்கு நிமிடம் வரை நீளும் முயற்சிகளிலேயே அதன் பலன் தெளிவாகத் தெரியும் என்பதால், அரை நிமிடத்தில் செட்டை முடிப்பவருக்கு அது வீண் செலவு. நாளுக்கு 3.2 முதல் 6.4 கிராம் வரை, சிறு பங்குகளாக, குறைந்தது நான்கு வாரம் எடுக்க வேண்டும். தோலில் உண்டாகும் குறுகுறுப்பு தீங்கற்றது. சிட்ருலின் என்ற அமினோ அமிலம், பீட்ரூட் சாறு ஆகியவை பற்றிய ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. போதிய புரதம் உண்பவருக்கு பிசிஏஏ (புரதத்திலேயே உள்ள மூன்று அமினோ அமிலங்களின் தூள்) தேவையே இல்லை.

எதையும் ஒவ்வொன்றாகவே தொடங்குங்கள். இரண்டை ஒரே வாரத்தில் தொடங்கினால் நோட்டு பொய் சொல்லும். ஒவ்வொரு பொருளின் அளவையும் தனித்தனியே குறிப்பிடாமல் கலவை என்று மட்டும் அச்சிட்ட டப்பாவையும், எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண் இல்லாததையும் வாங்க வேண்டாம். போட்டிகளில் ஆடுபவர் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும்: தூளில் தடைசெய்யப்பட்ட பொருள் கலந்திருந்தால், அறியாமல் உண்டிருந்தாலும் பொறுப்பு வீரருடையதே. சிறுநீரக நோய், ரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. ரத்தப் பரிசோதனைக்குச் செல்லும் எவரும் கிரியேட்டின் எடுப்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சிறுநீரகம் நன்றாக இருக்கும்போதே, அதன் செயல்பாட்டை அறிய ரத்தத்தில் அளக்கப்படும் ‘கிரியேட்டினின்’ (creatinine) என்ற கழிவுப்பொருளின் அளவு சற்று உயர்ந்து காட்டக்கூடும்.